அப்பாவின் உயிலை எதிர்த்து வழக்கு: செலவு யார் தலையில்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வாழ்ந்து மறைந்த முதல் இரண்டு தலைமுறைகளுக்கு உயில் என்ற சொல்லே தேவைப்படவில்லை. குடியிருந்த வீடு கம்பெனியுடையது; வேலை முடிந்ததும் அதையும் காலி செய்துவிட வேண்டும். பிள்ளைகள் பிரித்துக்கொள்ள இருந்தவை ஒரு சைக்கிள், இரண்டொரு பவுன் நகை, சாமி மேடையில் இருந்த பித்தளை விளக்கு, அவ்வளவுதான். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1960இல் இந்த ஊரைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டு போட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே வாங்க முற்பட்டது. அதற்குப் பிந்திய தலைமுறை பால்மரத்தையும் செம்பனையையும் விட்டுத் தொழிற்சாலைக்கும் அரசாங்க வேலைக்கும் போய், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் ஒற்றைத்தள வீடு வாங்கியது. அந்த வீட்டின் கிராண்டில், அதாவது நிலப்பட்டாவில், பெயர் ஏறிய அப்பாக்களும் அம்மாக்களும் ஒவ்வொருவராகக் கண்மூடும் காலம் இது. ஆகவே உயில் தகராறு தோட்டப்புற ஊர்களுக்குப் புதிய நோய். அதற்கான மருந்தின் விலை பலருக்கும் தெரிவதில்லை.

கருமாதி முடிந்து பதினைந்து நாளுக்குள் எழும் கேள்வி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வீட்டை முழுவதும் கடைசித் தம்பிக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறார் அப்பா. கடைசி மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்த அக்காவுக்கு ஒன்றுமில்லை. இதை எதிர்த்து வழக்குப் போட எவ்வளவு ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. உயில் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் அக்காவின் கைக்கு வருவது எவ்வளவு? இந்தத் தொகை தெரியாமல் வழக்கறிஞருக்கு முன்பணம் கட்டுவது, எடை போடாமல் நகையை அடகு வைப்பதைப் போன்றது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் உயில்கள் 1959ஆம் ஆண்டின் உயில் சட்டத்துக்கு உட்பட்டவை (சபாவுக்குத் தனிச் சட்டம் உண்டு). உயில் விழுந்து, அதற்கு முந்திய உயிலும் இல்லையென்றால், தீபகற்பத்தில் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி சொத்து பிரிக்கப்படும். இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்து, பெற்றோர் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் மட்டுமே எஞ்சியிருந்தால் முழுவதும் அவர்களுக்குச் சமமாகப் போகும். ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது.

ஒரு பேச்சுக்கு வீட்டின் மதிப்பு 3,00,000 ரிங்கிட், பிள்ளைகள் நால்வர், அம்மா ஏற்கெனவே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உயில் விழுந்தால் அக்காவுக்கு 75,000 வரும். அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு லட்சம் போக, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50,000. அந்த வீடு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்திருந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். கூட்டுப் பெயரில் உள்ள நிலம் ஒருவர் இறந்ததும் தானாக மற்றவருக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். இங்குள்ள தேசிய நிலச் சட்டத்தில் இணை உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்குதான். உயிலால் அப்பா கொடுக்கக்கூடியது அவருடைய பாதியை மட்டுமே. அந்த 1,50,000இல் அம்மாவின் மூன்றில் ஒன்று கழிந்தால், பிள்ளைக்கு ஆளுக்கு 25,000. உயர் நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிட்டு, சில நாள் விசாரணை நடத்தி 25,000 வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையில் முடியலாம்.

உயிலுக்குள் வராத சொத்துகளும் உண்டு, பெரிய ஏமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் சேமநிதிக்கு வாரிசுதாரராக யார் பெயரைக் கொடுத்தாரோ, பெனாமா என்று நாம் சொல்லும் அந்த நபருக்கே பணம் சொந்தம். உயில் அதைத் தொடாது. மனைவி அல்லது பிள்ளையைப் பெனாமாவாக வைத்து எடுத்த ஆயுள் காப்புறுதித் தொகையும் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி அந்தப் பெனாமாவுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்ட பணமாக (டிரஸ்ட்) நிற்கும். அப்பாவிடம் ‘மொத்தம் அஞ்சு லட்சம்’ இருந்தது என்று குடும்பத்தில் பேசிக்கொள்ளும் தொகையில் சேமநிதியும் காப்புறுதியும் கலந்திருந்தால், உயிலை எதிர்த்து வெல்பவர் அந்தப் பகுதியில் ஒரு காசும் பார்க்க மாட்டார்.

இன்னொரு தவறான நம்பிக்கை கைபேசி வழியாக வருகிறது. மூதாதையர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு, அதை உயிலால் பறிக்க முடியாது என்று விளக்கும் தமிழ்க் காணொளிகள் ஏராளம். அவற்றில் சொல்லப்படுவது இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் 2005இல் அதற்கு வந்த திருத்தமும். அவை தமிழ்நாட்டில் செல்லும். பேராக்கில் உள்ள வீட்டுக்குச் செல்லாது. முஸ்லிம் அல்லாத மலேசியர் ஒருவர் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதிக் கொடுக்கலாம். உடல்நலத்தோடு சம்பாதிக்கும் வயதுவந்த மகன், ‘மகன்’ என்ற ஒரே காரணத்தால் உயிலுக்கு எதிராகப் பங்கு கேட்க முடியாது. 1971ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்பு வாரிசுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவி, மணமாகாத மகள், வயதுவராத மகன், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத மகன் அல்லது மகள் ஆகியோர், உயிலில் தமக்குப் போதிய ஏற்பாடு இல்லையென்றால் பராமரிப்புக்காக நீதிமன்றத்தை நாடலாம். இதில் உயிலைப் பொய் என்று காட்ட வேண்டியதில்லை. ஆகவே செலவும் பகையும் குறைவு. ஆனால் உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதியான புரோபேட் ஆணை முதன்முதலாக வழங்கப்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்கு அனுமதி கேட்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்கக் கூடாது. நம் உதாரணத்து அக்கா மணமாகாதவர் என்றால் முதலில் இந்த வழியைத்தான் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

உயிலையே உடைக்க வேண்டுமானால் காரணம் வேண்டும், அநியாயம் என்பது காரணம் ஆகாது. எழுதியவர் அடிப்பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்; அப்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். இதில் பிசகியிருந்தால் வழக்கு எளிது. எழுதியவருக்குத் தெளிந்த மனநிலை இருந்ததா என்பதை 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கின் அளவுகோலைக் கொண்டே இன்றும் பார்க்கிறார்கள்: தாம் செய்வது உயில் என்பதும், தம் சொத்து ஏறத்தாழ எவ்வளவு என்பதும், தம்மிடம் உரிமை பாராட்டக்கூடியவர்கள் யார் என்பதும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மனநிலையையும் முறையான கையெழுத்தையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. சந்தேகத்துக்கு இடமான சூழல் இருந்தால், உதாரணமாக, வீட்டைப் பெறும் தம்பியே உயிலைத் தயாரித்துக் கொடுப்பவரை வரவழைத்து, தானே குறிப்புச் சொல்லி, தானே பணமும் கட்டியிருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்குவதும் அவர் பொறுப்பே.

போலிக் கையெழுத்து, மிரட்டல், வஞ்சகம் என்று சொல்பவரோ அதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். சிவில் வழக்கில் வஞ்சகத்தை மெய்ப்பிக்கக் குற்றவியல் வழக்கின் அளவுக்குப் போக வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2015இல் தீர்த்து வைத்தது. ஆனாலும் ‘தம்பி அப்பாவின் மனதைக் கலைத்துவிட்டான்’ என்பது மிரட்டல் ஆகாது. கெஞ்சலாம், கண்ணீர் விடலாம், செய்த உதவியைச் சொல்லிக் காட்டலாம். தந்தையின் சொந்த விருப்பத்தையே அமுக்கிவிட்ட வற்புறுத்தல் இருந்தால்தான் சட்டம் தலையிடும். தோட்டத்து வீடுகளில் நடப்பதில் பெரும்பகுதி முன்னதே என்பது என் எண்ணம்.

முழு உயிலும் விழ வேண்டிய அவசியமில்லாத ஒரு சூழல் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ, அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் கொடுக்கப்பட்டது செல்லாது, மற்றவை செல்லும். அவசரத்தில் தம்பியின் மனைவியையே சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தால், தம்பிக்கு எழுதிய வீடு அந்த ஒரு கையெழுத்தாலேயே கைவிட்டுப் போகிறது. அப்பா உயில் எழுதிய பின் மறுமணம் செய்திருந்தாலும், அந்தத் திருமணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதாக உயிலில் இல்லாவிட்டால், அது தானாக ரத்தாகிவிடும். இவற்றைக் கண்டுபிடிக்க விசாரணை தேவையில்லை. உயிலின் நகலை ஒருவர் பொறுமையாகப் படித்தால் போதும். புரோபேட் கிடைத்த பின் உயில் நீதிமன்றக் கோப்பில் இருக்கும், நகல் எடுக்கலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கேட்பது, ‘ஜெயித்தால் மட்டும் தருகிறேன், லாயர் ஒத்துக்கொள்வாரா?’ என்பதே. தீபகற்ப மலேசியாவில் ஒத்துக்கொள்ளக் கூடாது. 1976ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம், பிரிவு 112, வழக்கில் வென்றால் மட்டுமே கட்டணம் என்ற உடன்படிக்கையையும், கட்சிக்காரரின் பங்கை வழக்கறிஞர் விலைக்கு வாங்குவதையும் தடுக்கிறது. வெளியார் ஒருவர் வழக்குக்குப் பணம் போட்டு, வென்றதில் பங்கு எடுப்பதையும் தீர்ப்புகள் வழி உருவான பொதுச் சட்டம் (காமன் லா) ஏற்பதில்லை. 2024இல் வந்த திருத்தம் நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்க்கும் வழக்குகளுக்கு மட்டுமே அந்த வழியைத் திறந்தது. ஆகவே கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, ‘முப்பது பெர்சன்ட் குடு, ஈப்போவுல நம்ம ஆளு பாத்துக்குவாரு’ என்று சொல்பவர் சட்டத்துக்குப் புறம்பான ஒன்றையே விற்கிறார். அவரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இராது, புகார் செய்ய இடமும் இராது.

வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கட்டணத்துக்கு அரசாங்கம் அறிவித்த அளவுகோல் இருக்கிறது. எதிர்த்து வாதாடும் வழக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. பேசி முடிவு செய்வதுதான். கட்டணத்தை ஒரே மொத்தமாகக் கேட்பதைவிடப் படிப்படியாகக் கேட்பது நல்லது: ஆவணங்களைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்ல எவ்வளவு, கேவியட் (புரோபேட் ஆணையை நிறுத்தி வைக்கக் கொடுக்கும் அறிவிப்பு) தாக்கல் செய்ய எவ்வளவு, வழக்கு மனுவும் மறுப்பும் முடியும் வரை எவ்வளவு, விசாரணைக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு, மேல்முறையீடு வந்தால் புத்ராஜெயாவுக்குப் போய்வர எவ்வளவு. அத்துடன் சேவை வரி, மருத்துவ அறிக்கை, கையெழுத்து நிபுணர், சாட்சிகளின் பயணம் ஆகியவை தனி. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 சதவீதம். இவற்றை எழுத்தில் வாங்கி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முன்பணம் வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில், அதாவது கட்சிக்காரர்களின் பணத்துக்கென்று அவர் தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், போக வேண்டிய பணம். ரசீது கேட்பதில் கூச்சம் வேண்டாம். பில் மிகையாகத் தோன்றினால் நீதிமன்றப் பதிவாளரிடம் மதிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உண்டு.

மேலே சொன்ன முதல் படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயிலின் நகல், கிராண்டு நகல், இறப்புச் சான்றிதழ், மருத்துவமனை அட்டை, உயில் எழுதிய வாரத்தில் அப்பாவின் நிலையைக் கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போய், எழுத்துக் கருத்துக்கு மட்டும் பணம் கொடுத்து, அங்கேயே ஒரு முறை நின்று யோசிக்கலாம். உறவினர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு கதை சொல்வதில் மணி நேரமும் பணமும் கரைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

புரோபேட் இன்னும் வழங்கப்படவில்லை என்றால் கேவியட் மலிவான கருவி. தமக்குத் தெரியாமல் ஆணை வழங்கப்படுவதை அது நிறுத்தி வைக்கும். ஆணை வந்துவிட்ட பிறகும் போதிய காரணம் காட்டி அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் அதற்குள் வீடு கைமாறியிருந்தால் வழக்கு இரண்டாகப் பெருகும், செலவும் அப்படியே.

தோற்றவர் வென்றவரின் செலவைத் தர வேண்டும் என்பது பொது விதி. அதை வைத்து, ‘ஜெயித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும்’ என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நீதிமன்றம் தரச் சொல்லும் தொகை, உண்மையில் கொடுத்த கட்டணத்தை எட்டுவது அரிது. அந்தத் தொகைக்கும் 4 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்டித்தான் ஆணை பெற வேண்டும். உயில் வழக்குகளுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு விலக்குகள் உண்டு. இறந்தவரே குழப்பத்துக்குக் காரணம் என்றால் செலவு சொத்திலிருந்து எடுக்கப்படலாம். விசாரிக்க நியாயமான காரணம் இருந்தது என்று நீதிபதி கருதினால், தோற்றவர் எதிராளியின் செலவைச் சுமக்காமல் தம் செலவோடு தப்பலாம். அவை நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டவை, வீட்டிலிருந்தபடி எதிர்பார்க்கக் கூடியவை அல்ல. ‘செலவெல்லாம் அப்பா சொத்துலேர்ந்து வரும்’ என்பது உண்மையாகிவிட்டாலும், அது அக்காவின் பங்கும் சேர்ந்த சொத்து.

இரு தரப்பும் ஒரே தரையில் நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உயில் நிறைவேற்றுநராகத் தம்பி இருந்தால், உயிலைக் காக்க முறையாகச் செய்த செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள அவருக்கு வழியுண்டு. தவறு அவர்மேல் நிரூபணமானால் அவரே ஏற்க வேண்டி வரலாம், ஆனால் அது முடிவில் தெரியும் விஷயம். எதிர்ப்பவரோ முதல் நாளிலிருந்து சொந்தப் பையிலிருந்து எடுக்க வேண்டும். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட மகளுக்குத்தான் மனக்குறை பெரிது, அவரிடம்தான் பணமும் இல்லை. வழக்குப் போடும் அண்ணன் சிங்கப்பூரில் குடியிருப்பவர் என்றால், எதிராளியின் செலவுக்குப் பிணையாக ஒரு தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் இடமுண்டு.

வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையை, அதாவது ஜபாத்தான் பந்துவான் குவாமானை அணுகலாம். 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி இயங்கும் இத்துறை வருமானத்தையும் வழக்கின் தகுதியையும் பார்க்கும். வருமான வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால், பழைய துண்டறிக்கையை நம்பாமல் சம்பளச் சீட்டோடு நேரில் போய்க் கேட்பது நல்லது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களில் ஆலோசனையாவது கிடைக்கும். பந்துவான் குவாமான் என்ற பெயர் ஒற்றுமையால் சிலர் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் கதவைத் தட்டித் திரும்புகிறார்கள். அது பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளுக்கானது. நில அலுவலகத்தின் மூலம் மலிவாக முடிக்கலாம் என்பதும் பாதி உண்மையே: சிறு சொத்துப் பகிர்வு அங்கே நடப்பது உயில் இல்லாதபோதுதான், உயிலின் செல்லுபடியைத் தீர்ப்பது உயர் நீதிமன்றம்.

கையில் இல்லாத பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கு இருக்கிறது. 55 வயதைக் கடந்தவர் மற்றதையும் எடுக்கலாம். பதினைந்து, இருபது வருட முதுமைக்கான பணம் அது. உரிமம் பெற்ற வட்டிக்கடையில் பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், பிணையில்லாததற்கு 18 சதவீதம் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆ லோங்கிடம் அந்த வரம்பு கிடையாது. வழக்கு எந்த மாதம் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், மாதா மாதம் ஏறும் வட்டிக்கு வாங்கி அதை நடத்துவதை நான் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. உடன்பிறந்தவர்கள் மூவர் சேர்ந்து ஒரே வழக்கறிஞரை வைத்துச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் யார் எவ்வளவு போடுவது, ஒருவர் பாதியில் விலகினால் என்ன, சமரசம் பேச யாருக்கு அதிகாரம் என்பவற்றை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தம்பியோடு தொடங்கிய சண்டை அண்ணன் தங்கைக்குள் இன்னொன்றாக முளைக்கும்.

வழக்குத் தொடுத்த பின்னும் சமரசத்துக்கு இடமுண்டு. நீதிபதியையே சமரசராக வைத்து நீதிமன்றத்தில் நடக்கும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அங்கே சொன்னதை விசாரணையில் எதிராகப் பயன்படுத்தவும் மாட்டார்கள். தம்பி வீட்டை வைத்துக்கொண்டு, வங்கிக் கடன் எடுத்து அக்காவுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது அங்கே எட்டக்கூடிய முடிவு. ஒரு நீதிபதியின் தீர்ப்பு அப்படி நெளிந்து கொடுக்காது. ஒப்புக்கொண்டதை இணக்க ஆணையாகப் பதிவு செய்து, தொகை கட்ட வேண்டிய தேதியையும் தவறினால் என்ன என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும். கட்டணம் படிப்படியாகப் பேசப்பட்டிருந்தால், விசாரணை நாளுக்கென்று கட்டி வைத்த முன்பணத்தில் செலவாகாதது கட்சிக்காரர் கணக்கிலிருந்து திரும்பி வரும். மொத்தமாகப் பேசியிருந்தால் திருப்பிக் கேட்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.